மறைவான கவலையும் மறைவில் அருந்தும் மதுவும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரியன. அவனது இறுதித் தூதர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தினர், தோழர்கள் அனைவர் மீதும் ஸலாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

நம் சமூகத்தில் உரத்துப் பேசப்படாத ஒரு விடயத்தை இன்றைய உரைக்கு எடுத்துக் கொண்டிருக்கின்றேன். மது ஹராம் என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆகவே நம்மவரிடையே குடிப்பவர் இல்லை என்று எண்ணிக் கொள்கின்றோம். இருக்கின்றார்கள் என்று தெரிந்தாலும் தெரியாதது போல இருந்து விடுகின்றோம். அவ்வாறு நாம் காணாமல் விட்டுவிடும் ஒரு மனிதரைப் பற்றியே இன்று பேசப் போகின்றேன். அவர் கேளிக்கைக்காகக் குடிப்பவர் அல்லர். வேலையின் சுமையையும் மனத்தின் இருளையும் தாங்க முடியாமல், மருந்தென எண்ணிக் குடிப்பவர்.

ஒரு வர்த்தகரை உங்கள் மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். அவருக்குப் பெயர் வேண்டாம். அவரைப் போன்றோர் பலர் இருக்கின்றனர். அவர்கள் எல்லோருக்குமாக இவரை வைத்துக் கொள்வோம். புறக்கோட்டையில் அவருக்கு ஒரு துணிக்கடை இருக்கின்றது. வெளிநாட்டிலிருந்து துணி தருவித்து மொத்தமாக விற்பவர். 2022 ஆம் ஆண்டின் ஆரம்பத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், அவ்வாண்டு மே மாதமளவில் 360 ரூபாவை எட்டியது. பழைய விலையில் கடனுக்கு விற்ற சரக்குக்கான பணம் வரவில்லை. புதிய சரக்குக்கோ ஏறத்தாழ இரு மடங்கு செலவாயிற்று. வாடிக்கையாளர் கொடுத்த காசோலைகள் வங்கியிலிருந்து திரும்பின. அதனால் இவர் கொடுத்த காசோலைகளும் திரும்பத் தொடங்கின. காலையில் தொலைபேசி ஒலித்தால் நெஞ்சு படபடக்கும். இரவில் படுத்தால் உறக்கம் வராது.

அப்போது ஒரு நண்பர் சொன்னார்: "ஒரு மிடறு எடுத்துப் பாருங்கள், நானா. நித்திரையாவது வரும்."

அன்றிரவு நித்திரை வந்தது. அதுவே விபரீதத்தின் தொடக்கம். ஒரு மிடறு ஒரு குவளையாயிற்று. பின்னர் கடையின் பின்னறையில், துணிக் கட்டுகளுக்கு நடுவே, எப்போதும் ஒரு போத்தல் இருக்கத் தொடங்கியது. கடையை மூடிய பின் தனியே குடிப்பார். கராம்பை மென்று கொண்டு வீடு திரும்புவார். குர்ஆன் மத்ரஸாவில் அன்று ஓதிக் கொடுத்த பாடத்தை வாப்பாவிடம் ஓதிக் காட்ட வேண்டும் என்று விழித்திருக்கும் அவருடைய சின்ன மகள் வாசலுக்கு ஓடி வருவாள். மூச்சின் வாடை பிள்ளைக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்சி, முகத்தைத் திருப்பிக் கொண்டு, "நாளைக்குப் பார்ப்போம், மகள்" என்று கூறி அவர் அறைக்குள் சென்று விடுவார்.

நேயர்களே! அந்த மனிதருக்கு மது ஹராம் என்பது தெரியாதா? நன்றாகத் தெரியும். எவரையும் விட அவருக்கே அது அதிகமாகத் தெரியும். ஆகவே ஹராம் என்று மட்டும் சொல்லி விட்டு நாம் இருந்து விட முடியாது. அவர் எதைக் கொண்டு எதற்கு வைத்தியம் செய்து கொள்கின்றார், அந்த வைத்தியம் ஏன் பலிக்கவில்லை, அவர் போக வேண்டிய வழி எது என்பவற்றையும் கூற வேண்டியவர்களாக இருக்கின்றோம்.

மதுவை மருந்தாகக் கொள்ளும் எண்ணம் இன்று தோன்றியதன்று. தாரிக் இப்னு ஸுவைத் (ரழி) அவர்கள் மதுவைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் வினவினார்கள். நபியவர்கள் தடுத்தார்கள். மருந்துக்காகவே அதனைத் தயாரிப்பதாக அவர் கூறியபோது, அது மருந்தன்று, நோயாகும் என்ற கருத்தில் நபியவர்கள் விடையளித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இச்செய்தி பதிவாகியுள்ளது. அல்குர்ஆனும் மதுவின் பயனை மறைக்கவில்லை. ஸூரதுல் பகராவின் 219 ஆவது வசனம், மதுவிலும் சூதிலும் மனிதருக்குச் சில பயன்கள் உண்டெனினும் அவற்றின் பாவம் பயனை விடப் பெரியது என்ற உண்மையை எடுத்துரைக்கின்றது. முதல் நாள் இரவு நம் வர்த்தகருக்கு வந்த நித்திரை அத்தகையதொரு சிறு பயன். அதற்கு அவர் கொடுத்த விலையை இனிப் பாருங்கள்.

மது மூளையின் இயக்கத்தைத் தணிக்கும் ஒரு பொருள். அருந்தியவுடன் பதற்றம் தணிவது போலத் தோன்றுவது இதனாலேயே. ஆனால் உடல் இதனைச் சும்மா விடுவதில்லை. தணிக்கப்பட்ட மூளை, அதனை ஈடுசெய்யத் தன் விழிப்பைக் கூட்டிக் கொள்கின்றது. மதுவின் வேகம் இறங்கியதும் அந்த மிகையான விழிப்பு மட்டும் எஞ்சி நிற்கின்றது. நள்ளிரவுக்குப் பின் திடுக்கிட்டு விழிப்பதும், விடியற்காலையில் காரணமின்றி நெஞ்சு படபடப்பதும், முந்திய நாளை விடக் கவலை கூடியிருப்பதும் இதன் விளைவுகளே. உறக்கம் விரைவாக வந்தாலும் அது துண்டு துண்டான உறக்கம், களைப்பைப் போக்காது. நாளடைவில் அதே அமைதியைப் பெறக் கூடுதலான அளவு தேவைப்படும். இவ்வாறு, கவலையைத் தீர்க்க அருந்திய மதுவே அடுத்த நாளின் கவலையை உண்டாக்குகின்றது. அக்கவலைக்கு மீண்டும் மது. இது ஒரு செக்கு. அதில் கட்டுண்டவர் நடந்து கொண்டே இருப்பார், எங்கும் போய்ச் சேரமாட்டார்.

"அளவோடு குடித்தால் தீங்கில்லை" என்று கூறுவோர் உளர். உலக சுகாதார நிறுவனம் 2023 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் வெளியிட்ட அறிக்கையில், உடல்நலத்துக்குத் தீங்கற்றது எனக் கூறத்தக்க மதுவின் அளவென்று எதுவுமில்லை எனத் தெளிவுபடுத்தியது. புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களின் வரிசையில் மது 1988 ஆம் ஆண்டிலேயே சேர்க்கப்பட்டு விட்டது. அதே நிறுவனம் 2024 இல் வெளியிட்ட கணக்கின்படி, 2019 ஆம் ஆண்டில் மாத்திரம் உலகெங்கும் 26 இலட்சம் மரணங்களுக்கு மது காரணமாயிருந்தது.

நேயர்களே! மது வெளியே தெரிகின்ற நோய். அதன் அடியில் வேறொரு நோய் மறைந்திருக்கின்றது. அதுவே மனச்சோர்வு நோய்.

வேலைப்பளுவினால் வரும் களைப்பு ஓய்வெடுத்தால் நீங்கி விடும். மனச்சோர்வு நோயோ அவ்வாறன்று. இரண்டு வாரங்களோ அதற்கு மேலோ, நாளின் பெரும்பகுதியும் மனம் இருண்டிருக்கும். முன்பு விரும்பிச் செய்தவற்றில் நாட்டம் அற்றுப் போகும். உறக்கமும் பசியும் கெடும். முடிவெடுக்க இயலாது. தான் எதற்கும் உதவாதவன் என்ற எண்ணம் வலுக்கும். சிலருக்கு வாழ்வதை விட இறப்பது மேல் என்ற எண்ணமும் தோன்றும். ஆண்களிடத்தில் இந்நோய் அழுகையாக வெளிப்படுவது குறைவு. எரிச்சல், கோபம், காரணம் புலப்படாத தலைவலி, நெஞ்சு இறுக்கம், வேலையில் மூழ்கிக் கிடத்தல், குடி ஆகியனவாகவே அது பெரும்பாலும் வெளிப்படும். வீட்டார் "இவருக்குக் கோபம் கூடிவிட்டது" என்பார்கள். உள்ளே ஒரு மனிதர் மூழ்கிக் கொண்டிருப்பதை எவரும் அறியார். மூழ்குபவரின் மீது மது இன்னொரு கல்லைக் கட்டி விடுகின்றது. ஏனெனில் மது மனச்சோர்வை ஆழமாக்குகின்றது. தன்னைத் தடுத்துக் கொள்ளும் ஆற்றலையும் குறைக்கின்றது. தற்கொலை எண்ணமுள்ள ஒருவரின் கையில் மது மிகப் பயங்கரமான பொருள்.

"உண்மையான முஃமினுக்கு மனச்சோர்வு வருமா? ஈமான் பலவீனமானவனுக்கல்லவா அது வரும்?" என்று சிலர் கேட்கின்றனர். இக்கேள்வியே பலரின் வாயை அடைத்து விடுகின்றது. சற்று நிதானித்துச் சிந்திப்போம். யஃகூப் (அலை) அவர்கள் ஓர் இறைத்தூதர். அழகிய பொறுமையை மேற்கொள்வதாகக் கூறியவர்களும் அவர்களே. அவ்வாறிருந்தும், மகனைப் பிரிந்த துயரத்தினால் அன்னாரின் கண்கள் வெளுத்துப் போயின என ஸூரா யூஸுபின் 84 ஆவது வசனம் கூறுகின்றது. மர்யம் (அலை) அவர்கள் பிரசவ வேதனையின்போது, இதற்கு முன்னரே தாம் இறந்திருக்கக் கூடாதா என்று புலம்பியதை ஸூரா மர்யமின் 23 ஆவது வசனம் எடுத்துக் காட்டுகின்றது. கதீஜா (ரழி) அவர்களையும் பெரிய தந்தை அபூதாலிபையும் நபி (ஸல்) அவர்கள் ஒரே ஆண்டில் இழந்தார்கள். அவ்வாண்டு வரலாற்றில் துயர ஆண்டு என்றே பெயர் பெற்றது. துயரம் ஈமானின்மையின் அடையாளமாயின், இம்மேன்மக்களைப் பற்றி நாம் என்ன கூறுவோம்?

நம் முன்னோராகிய அறிஞர்கள் இதனை நன்கு விளங்கியிருந்தனர். ஹிஜ்ரி 322 இல், அதாவது கி.பி. 934 இல் காலமான அபூ ஸைத் அல்பல்கி, உடல் நலத்தையும் உள நலத்தையும் ஒருங்கே ஆராயும் ஒரு நூலை எழுதினார். மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ் என்பது அதன் பெயர். காரணம் தெரிந்த துயரம் வேறு, காரணம் தெரியாமல் வரும் துயரம் வேறு என அவர் அதில் பிரித்துக் காட்டினார். இரண்டாவது வகை உடலிலிருந்து எழுவதாகக் கருதி, அதற்கு உடல் மருத்துவமும் தேவை என்றார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு முஸ்லிம் அறிஞர் எழுதி வைத்ததை, இன்று நாம் "வெறும் வஸ்வாஸ்" என்று தள்ளி விடுகின்றோமே!

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வரலாற்றையும் பாருங்கள். ஹிஜ்ரி 488 இல், கி.பி. 1095 இல், பக்தாதின் நிழாமிய்யா கலாபீடத்தின் ஆசிரியராக அவர்கள் புகழின் உச்சியில் இருந்தார்கள். அவ்வாண்டில் அன்னாரின் நாவு கட்டுண்டது. மாணவர்களுக்குப் பாடம் சொல்ல முயன்றும் ஒரு சொல் வரவில்லை. உணவு இறங்கவில்லை; உடல் தளர்ந்தது. வந்து பார்த்த வைத்தியர்கள், இது உள்ளத்தில் தோன்றி உடலுக்குப் பரவிய நோய் என்றனர். இதையெல்லாம் வேறெவரும் வெளிப்படுத்தவில்லை. அல்முன்கித் மினள் ழலால் என்ற தம் நூலில் இமாமவர்களே எழுதி வைத்தார்கள். அதற்கு இன்றைய மருத்துவப் பெயர் எதனையும் நாம் சூட்ட வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை உறுதியாகப் படித்துக் கொள்ளலாம். தம் மனத்தின் வேதனையை மறைக்க அவர்கள் வெட்கப்படவில்லை. பக்தாதின் பதவியையே துறந்து வெளியேறினார்கள். பின்னர் அன்னாரிடமிருந்து இஹ்யா உலூமித்தீன் என்ற பெருநூல் நமக்குக் கிடைத்தது.

இனி, அந்தத் துணிக்கடைக்காரரோடு நேரடியாகப் பேச விரும்புகின்றேன். இவ்வுரையைக் கேட்பவர்களுள் அவர் இருக்கக் கூடும். சகோதரரே! உங்களைப் பூட்டி வைத்திருக்கும் பூட்டுகள் மூன்று. கவலை ஒரு பூட்டு. மது இரண்டாவது பூட்டு. வெட்கம் மூன்றாவது பூட்டு. முதலில் திறக்க வேண்டியது மூன்றாவதையே.

"மது அருந்தியவனின் தொழுகை நாற்பது நாட்களுக்கு ஏற்றுக் கொள்ளப்படாது" என்ற ஹதீஸின் கருத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். தொழுது என்ன பயன் என்று எண்ணித் தொழுகையையே விட்டு விட்டீர்கள். அந்த ஹதீஸை அவ்வாறு விளங்கிக் கொள்வது தவறு. ஏற்கப்படாது என்பதன் பொருள் அதற்குரிய நன்மை கிட்டாது என்பதாகும் என்றும், தொழ வேண்டிய கடமை நீங்கிவிடாது என்றும் அறிஞர்கள் விளக்கியுள்ளனர். அதே ஹதீஸ், அவர் தவ்பாச் செய்தால் அல்லாஹ் ஏற்றுக் கொள்கின்றான் என்றும் கூறுகின்றது. அந்தப் பகுதியை உங்களுக்கு ஏனோ எவரும் எடுத்துச் சொல்லவில்லை. ஆகவே தொழுகையை விடாதீர்கள். போதை தெளிந்த நிலையில், வுழூச் செய்து, அழுது கொண்டேனும் நில்லுங்கள். வரம்பு மீறிய அடியார்கள் தன் அருளில் நம்பிக்கை இழக்கலாகாது என ஸூரதுஸ் ஸுமரின் 53 ஆவது வசனத்தில் அல்லாஹ் அறிவிக்கின்றான். அந்த அழைப்பு உங்களுக்கும் உரியதே.

அடுத்து, வைத்தியரிடம் செல்லுங்கள். ஒவ்வொரு நோய்க்கும் அல்லாஹ் மருந்தை இறக்கியுள்ளான் என்பது நபிமொழியின் கருத்து. அதில் உடல் நோய், மன நோய் என்ற பாகுபாடு இல்லை. நமது அரசாங்க வைத்தியசாலைகள் பலவற்றில் மனநல கிளினிக்குகள் நடைபெறுகின்றன. அங்கு கட்டணம் எதுவுமில்லை. அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகம் 1926 என்ற இலக்கத்தில் தொலைபேசி ஆலோசனைச் சேவையொன்றை நடத்துகின்றது. 1974 ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்ட சுமித்ரயோ அமைப்பு, குடிப்பழக்கத்திலிருந்து விடுபட உதவும் மெல் மெதுர என்ற நிலையத்தைக் கொழும்பில் நடத்துகின்றது. நீங்கள் சொல்வதை இரகசியமாக வைத்திருப்பது வைத்தியரின் கடமை. ஆகவே குடியைப் பற்றி அவரிடம் மறைக்க வேண்டாம். நித்திரையில்லை என்று மட்டும் கூறி மாத்திரை வாங்கி, அதனை மதுவோடு சேர்த்துக் கொள்வது உயிருக்கே ஆபத்தாகலாம்.

மது நின்று சில வாரங்களில் சிலருக்கு மனச்சோர்வும் தானாகவே விலகி விடுகின்றது. வேறு சிலருக்கு அது எஞ்சி நிற்கும். அவர்களுக்கு ஆலோசனையும் மருந்தும் தேவைப்படும். மனச்சோர்வுக்கான மருந்துகள் பலன் காட்ட இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரை செல்லலாம். மூன்றாம் நாளே பயனில்லை என்று நிறுத்தி விடாதீர்கள்.

இங்கே மிக முக்கியமான ஓர் எச்சரிக்கையைக் கூற வேண்டும். தயவு செய்து கவனமாகக் கேளுங்கள். ரமழான் பிறை கண்டதும் குடியை ஒரே நாளில் நிறுத்தி, பெருநாள் கழிந்ததும் மீண்டும் தொடங்குவோர் நம்மிடையே உள்ளனர். பாவத்தை விடும் அந்த எண்ணம் போற்றத்தக்கது. ஆயினும் நெடுங்காலம் நாள்தோறும் அதிகமாகக் குடித்து வந்தவர் திடீரென நிறுத்தும்போது, சில மணித்தியாலங்களில் கைநடுக்கம், வியர்வை, வாந்தி ஆகியன தோன்றலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாட்களில் சித்தம் கலங்கி, இல்லாதவை கண்ணுக்குத் தெரியும் நிலையும் ஏற்படலாம். சிகிச்சை இல்லாவிடின் இது மரணத்திலும் முடியக் கூடும். இதனைப் பேய் பிடித்ததென எண்ணி வீட்டில் வைத்திருப்பது பெருந்தவறு. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

இதனைக் கேட்டு, "அப்படியானால் குடியைத் தொடரலாம் போலும்" என்று எவரும் எண்ணி விடலாகாது. விட வேண்டும் என்பதில் மாற்றமில்லை. அதனை வைத்தியரின் கண்காணிப்பில் விடுங்கள் என்பதே நான் சொல்வது. ரமழான் வரும்வரை காத்திராமல் இன்றே வைத்தியரிடம் செல்லுங்கள். சிகிச்சையின்போது நோன்பு நோற்க உடல் இடம் கொடாதெனில், நோயாளிக்கு ஸூரதுல் பகராவின் 184, 185 ஆம் வசனங்கள் வழங்கும் சலுகை இருக்கின்றது. உங்கள் பகுதி ஆலிம் ஒருவரிடம் விளக்கம் பெற்றுக் கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, கவலையின் வேரையும் பாருங்கள். கவலை, துயரம், இயலாமை, சோம்பல், உலோபித்தனம், கோழைத்தனம், கடனின் பாரம், மனிதரின் அடக்குமுறை ஆகிய எட்டிலிருந்தும் நபி (ஸல்) அவர்கள் அடிக்கடி அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடுவார்கள் என, அன்னாருக்குப் பணிவிடை செய்த அனஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். புகாரியில் வரும் இந்த துஆவின் அமைப்பைக் கவனியுங்கள். உள்ளத்தின் கவலையில் தொடங்கி, கடன் சுமையிலும் மேலிருப்போரின் அடக்குமுறையிலும் முடிகின்றது. இன்று நாம் வேலை அழுத்தம் என்று கூறுவது பெரும்பாலும் இதற்குள் அடங்கி விடுகின்றது. இந்த துஆவை மனனம் செய்து காலையும் மாலையும் ஓதுங்கள். ஓதிய பின், கணக்குப் புத்தகத்தை நம்பிக்கையான ஒருவர் முன் திறந்து வையுங்கள். சகோதரர், மைத்துனர், நேர்மையான வர்த்தக நண்பர் எவராயினும் சரி. கொடுக்க வேண்டியது எவ்வளவு, வர வேண்டியது எவ்வளவு என்று எழுதுங்கள். கடன் கொடுத்தவர்களைக் கண்டு ஒளியாமல் சென்று தவணை கேளுங்கள். இருட்டில் பெரிதாகத் தெரிந்தது வெளிச்சத்தில் எண்ணிப் பார்க்கக் கூடியதாக மாறும்.

வீட்டிலுள்ள தாய்மாருக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. கராம்பு வாடையின் பொருள் உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் குடும்ப மானத்துக்காக மௌனமாக இருக்கின்றீர்கள். போதையிலிருக்கும் நேரத்தில் வாதாடுவதால் பயனில்லை. தெளிந்திருக்கும் ஒரு காலை வேளையில், "உங்களுக்கு என்ன வேதனை? நானும் கூட வருகின்றேன், டொக்டரிடம் போவோம்" என்று கேளுங்கள். அவர் இறப்பைப் பற்றிப் பேசினால் அதனை விளையாட்டாகக் கொள்ளாதீர்கள். தனியே விடாமல் அன்றே உதவி நாடுங்கள். அதே வேளை, அவர் கை நீட்டுவாராயின் அதனைப் பொறுத்திருப்பது ஸப்ர் ஆகாது. உங்களையும் பிள்ளைகளையும் பாதுகாத்துக் கொள்வது உங்கள் உரிமை. அவருடைய நோய்க்கு நீங்கள் காரணமும் அல்லர்.

இறுதியாக, பள்ளிவாசல் நிருவாகிகளே, கதீப்மார்களே, கடன் கொடுத்த வர்த்தகர்களே! நபி (ஸல்) அவர்களின் காலத்தில் அப்துல்லாஹ் என்றொருவர் இருந்தார். நபியவர்களைச் சிரிக்க வைப்பவர். மது அருந்தியமைக்காக அவர் தண்டிக்கப்பட்டார். மீண்டும் ஒரு முறை கொண்டு வரப்பட்டபோது, எத்தனை முறைதான் இவன் இதற்காகக் கொண்டு வரப்படுவான் என்று கூறி ஒருவர் அவரைச் சபித்தார். நபியவர்கள் அச்சாபத்தைத் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவனது தூதரையும் நேசிப்பவர் என்றே தாம் அறிந்திருப்பதாகக் கூறினார்கள். புகாரியில் பதிவாகியுள்ள நிகழ்ச்சி இது. தண்டனையும் நீக்கப்படவில்லை, மனிதரும் தூக்கி எறியப்படவில்லை.

கலீபா உமர் (ரழி) அவர்களும் இவ்வழியிலேயே நடந்தார்கள். ஷாம் தேசத்தைச் சேர்ந்த ஒருவர் அன்னாரிடம் வந்து போகும் வழக்கமுடையவர். அவரைச் சில காலம் காணாததால் விசாரித்தார்கள். அவர் குடியில் மூழ்கி விட்டதாகக் கூறப்பட்டது. உடனே உமர் (ரழி) அவருக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். பாவத்தை மன்னிப்பவன், தவ்பாவை ஏற்பவன், கடுமையாகத் தண்டிப்பவன் என்று அல்லாஹ்வின் பண்புகளைக் கூறும் ஸூரதுல் முஃமின் ஆரம்ப வசனங்களை அதில் எழுதியனுப்பி, அவருக்காக துஆச் செய்யுமாறு தோழர்களையும் வேண்டினார்கள். அம்மனிதர் கடிதத்தை மீண்டும் மீண்டும் படித்து அழுதார், குடியை விட்டார். செய்தி கிட்டியதும், வழுக்கி விழுந்த சகோதரனிடம் இப்படியே நடந்து கொள்ளுங்கள், அவனுக்கெதிராக ஷைத்தானுக்குத் துணை போகாதீர்கள் என்ற கருத்தில் உமர் (ரழி) அறிவுரை கூறினார்கள். இப்னு கதீர் (ரஹ்) அவர்கள் தமது தப்ஸீரில் இதனை எடுத்துக் கூறுகின்றார்கள்.

ஜும்ஆவுக்கு வழமையாக வரும் ஒருவர் நான்கு வாரங்களாக வரவில்லையெனில், அவரைத் தேடிச் செல்ல நமது பள்ளிவாசல்களில் எவர் இருக்கின்றார்? மிம்பரில் குடிகாரரைச் சபிக்கும் நாம், குத்பா முடிந்ததும் உதவி தேடுவோர் செல்ல வேண்டிய இடத்தையும் ஒரு வரியில் சொன்னால் என்ன? கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்குமாறு ஸூரதுல் பகராவின் 280 ஆவது வசனம் பணிக்கின்றது. பள்ளிவாசலின் ஓர் அறையில் கடன் கொடுத்தவரையும் கடன்பட்டவரையும் அமர்த்தி ஒரு தவணையைப் பேசித் தீர்த்து வைத்தால், அது எத்தனை பேரின் உறக்கத்தைத் திருப்பிக் கொடுக்கும்!

நேயர்களே! மதுவை ஹராமாக்கிய மார்க்கமே மருந்தைத் தேடச் சொல்கின்றது. கடன்பட்டவருக்கு அவகாசம் கொடுக்கச் சொல்கின்றது. விழுந்தவரைத் தூக்கி விடச் சொல்கின்றது. இவற்றுள் முதலாவதை மட்டும் சொல்லி மற்றவற்றை விட்டு விட்டால் நாம் மார்க்கத்தை அரைகுறையாகவே எடுத்துரைத்தவர்களாவோம்.

அந்தத் துணிக்கடைக்காரரின் வீட்டு வாசலில், குர்ஆனை நெஞ்சோடு அணைத்தபடி ஒரு சிறுமி இன்னும் காத்திருக்கின்றாள். "நாளைக்கு" என்று அவர் பல இரவுகள் சொல்லி விட்டார். சகோதரரே! இன்றிரவு அந்தப் போத்தலைத் திறக்கும் முன் ஒரு தொலைபேசி அழைப்பை எடுங்கள். ஒருவரிடமாவது உண்மையைச் சொல்லுங்கள். நாளை விடிந்ததும் வைத்தியரிடம் செல்லுங்கள். முகத்தைத் திருப்பாமல் உங்கள் மகளின் ஓதலைக் கேட்கும் நாள், இன்ஷா அல்லாஹ், வெகு தூரத்தில் இல்லை.

யா அல்லாஹ்! கவலையிலிருந்தும் துயரத்திலிருந்தும் கடன் சுமையிலிருந்தும் எங்களைக் காப்பாயாக! மதுவின் பிடியில் சிக்கியுள்ள எங்கள் சகோதரர்களுக்கு மீட்சியைக் கொடுப்பாயாக! நோயுற்ற உள்ளங்களுக்கு ஷிபாவை வழங்குவாயாக! அவர்களுக்கு உதவும் கரங்களாக எங்களை ஆக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.